கோலாலம்பூரிலிருந்து ராமேஸ்வரம்: எந்த ரயில், எந்த நிலையம், எப்போது பதிவு?

பூச்சோங் வாசகி

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகத் திட்டம். மொத்தம் ஐந்து பேர். இருவர் எழுபதைத் தாண்டியவர்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. எல்லோரிடமும் மலேசியக் கடப்பிதழ்தான்.

கேஎல்லிலிருந்து சென்னைக்குப் பறந்து இரவு ரயில் பிடிப்பது நல்லதா, திருச்சிக்குப் பறப்பது நல்லதா? ரயில் டிக்கெட்டை இங்கிருந்தே எடுக்க முடியுமா? "கடைசி நேரத்தில் தட்கல் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். அதை நம்பி விமான டிக்கெட்டை முதலில் வாங்கலாமா? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

---

செந்தூல் தண்டவாளம்

தங்கச்சி, தட்கலை நம்பி விமான டிக்கெட் வாங்க வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க, ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். மலேசியக் குடிமகன் சுற்றுலாப் பயணியாகப் போகும்போது அவரிடம் ஆதார் இருக்காது. நம் கணக்கிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய அனுபவத்தை வைத்துச் சொல்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை.

இனி ரயில்கள். சென்னைப் பக்கமிருந்து தினமும் ஓடுபவை மூன்று.

22661 சேது அதிவிரைவு. எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பி விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, காரைக்குடி வழியாகப் போகிறது. மூன்றில் வேகமானது. விடியும் முன்பே ராமேஸ்வரத்தில் இறக்கிவிடும்.

அடுத்தது எழும்பூர் – ராமேஸ்வரம் விரைவு. பழைய ஆட்கள் இன்றும் போட் மெயில் என்பார்கள். 1964 புயலுக்கு முன் இந்த ரயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்பு ரயில். அந்தப் பெயர்தான் தங்கிவிட்டது. இது சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றித் திருச்சிக்கு வருகிறது. நிறுத்தம் அதிகம். காலை வெயில் ஏறிய பிறகுதான் ராமேஸ்வரம்.

16103 தாம்பரம் – ராமேஸ்வரம். புதிய பாம்பன் பாலத்தோடு 2025 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. இது திருச்சிக்கே போகாது. மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி என்று டெல்டாவின் ஓரமாக இறங்குகிறது. இங்கே பலருக்குத் தாத்தா பாட்டி ஊர் அந்தப் பக்கம்தான். போகும் வழியில் ஊரையும் எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் கிடையாது.

நேரங்கள் கால அட்டவணை மாறும்போது மாறும். எழும்பூர் நிலையப் புனரமைப்பால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றதும் உண்டு. எனவே பதிவு செய்யும் நாளில் ரயில் எண்ணைப் போட்டு, எங்கே கிளம்புகிறது என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: சென்னை சென்ட்ரல் வேறு, எழும்பூர் வேறு. தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் எழும்பூர், தாம்பரம் பக்கம்தான். சென்ட்ரலில் போய் நின்று ரயிலைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

---

பிரிக்பீல்ட்ஸ் பயணி

அண்ணன் ரயிலைச் சொல்லிவிட்டார், நான் பதிவைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இந்திய ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணை வைத்துப் பதிந்துகொள்ளலாம், சிறு கட்டணம் உண்டு. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே இதை முடியுங்கள். சரிபார்ப்புக் குறியீடு மின்னஞ்சலுக்கு வராமல் குப்பைப் பெட்டியில் கிடப்பது வழக்கம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும்.

பொதுப் பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய வலைப்பதிவுகளில் அந்த எண்தான் இன்னும் கிடக்கும். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். டிசம்பர் 20 பயணம் என்றால் அக்டோபர் 21 திறக்கும். இந்திய நேரம் காலை 8 மணி, நமக்கு 10.30.

ஆனால் அந்த முதல் நாளில் ஒரு தடை இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல், பதிவு திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். பிறகு அந்த நேரத்தைப் படிப்படியாக நீட்டினார்கள். ஆகவே மலேசியக் கணக்கு வைத்திருப்பவர் திறக்கும் நாளில் உட்கார்ந்து தவிக்க வேண்டாம். மறுநாள் காலை போடுவதாகத் திட்டமிடுங்கள். ஏசி இல்லாத படுக்கை வசதிப் பெட்டி (ஸ்லீப்பர்) அதற்குள் நிறையலாம். இரண்டடுக்கு ஏசியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பெரும்பாலும் இடம் இருக்கும்.

இரண்டாவது வழி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒதுக்கீடு. தேடும்போது ஒதுக்கீட்டுப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது 365 நாளுக்கு முன்பே திறந்திருக்கும், கடப்பிதழ் எண் கொடுக்க வேண்டும், கட்டணம் பொதுக் கட்டணத்தைவிடக் கூடுதல். எல்லா ரயிலிலும் எல்லா வகுப்பிலும் இது இருக்காது. உங்கள் ரயிலில் இருந்தால் முதியவர்களோடு போகிறவர்கள் யோசிக்காமல் எடுத்துவிடலாம், ஏனென்றால் விமான டிக்கெட்டையும் ரயிலையும் ஒரே வாரத்தில் முடித்துவிட முடிகிறது.

படிவத்தில் தடுக்கும் இடங்கள்:

குடியுரிமைப் பெட்டியில் இந்தியா என்று தானாக நிற்கும். மலேசியா என்று மாற்றுங்கள்.

நம் பெயரில் மகன், மகள் என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி சாய்கோடு அங்கே ஏறாது. பெயர்ப் பெட்டியும் குட்டையானது. கடப்பிதழில் உள்ள சொந்தப் பெயரை அதே எழுத்துகளில் போடுங்கள், இடம் இருந்தால் தகப்பனார் பெயரைத் தொடருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். ரயிலில் பரிசோதகரிடம் காட்ட வேண்டியது அசல் கடப்பிதழ். மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) அங்கே செல்லாது.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் முதல் நாளே பாருங்கள். இங்குள்ள டெபிட் அட்டைகள் பலவற்றில் அது மூடியே இருக்கும். பணம் பிடித்துவிட்டு டிக்கெட் வராமல் போனால், உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பதிவு வரலாற்றில் டிக்கெட் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முயலுங்கள். விழாத டிக்கெட்டுக்கான பணம் தானாகத் திரும்பும், சில நாள் ஆகும்.

இந்திய நேரம் இரவு 11.45 முதல் 12.20 வரை தளம் மூடியிருக்கும். நமக்கு அது அதிகாலை 2.15 முதல் 2.50.

---

காஜாங் கணக்கு

இவ்வளவு சிரமம் எதற்கு? தமிழ்நாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவர் ஆதார் கணக்கிலேயே எடுக்கச் சொல்லலாமே. அல்லது நிலைய முகப்பில் வரிசையில் நின்று எடுக்கட்டும்.

---

பிரிக்பீல்ட்ஸ் பயணி

எடுக்கலாம் அண்ணே. கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் ஆதார் சரிபார்ப்பு, பயணிகள் மலேசியர்களாக இருக்கலாம். சொந்தக்காரர் காசு வாங்காமல் உதவுவது ஒன்றும் தப்பில்லை. ஆனால் தனிநபர் கணக்கில் டிக்கெட் எடுத்து, மேலே காசு வைத்து விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். அப்படி எடுத்த டிக்கெட் ரத்தாகலாம், நடைமேடையில் நிற்பது நாம்தான்.

முகப்பு டிக்கெட்டில் வேறொரு சிக்கல். அது காகிதம். அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் பயணம். சொந்தக்காரர் புதுக்கோட்டையில் எடுத்து வைத்திருக்க, நீங்கள் சென்னையில் இறங்கினால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது உதவாது. இணைய டிக்கெட்டுக்குக் குறுஞ்செய்தியும் கடப்பிதழும் போதும்.

காத்திருப்புப் பட்டியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 1 முதல் காத்திருப்பு டிக்கெட்டோடு படுக்கை வசதிப் பெட்டியிலோ ஏசியிலோ ஏற விடுவதில்லை. இணைய டிக்கெட் என்றால் பயணிகள் பட்டியல் தயாரானதும் உறுதியாகாதது தானே ரத்தாகிவிடும். ஆர்ஏசி அப்படியல்ல, அதில் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ் இருக்கையை இரண்டு பேர் பகிர்ந்து உட்கார வேண்டும். எழுபது வயதுக்காரரை இரவு முழுக்க அப்படி உட்கார வைக்கக் கூடாது. காத்திருப்பு எண் ஐந்துதானே, ஆறுதானே என்று விமானத்தை உறுதி செய்யாதீர்கள். எழும்பூரிலிருந்து எடுக்கும் பொதுக் காத்திருப்பு ஓரளவு நகரும். இடைநிலையத்திலிருந்து எடுக்கும்போது வரும் பகிர்வு ஒதுக்கீட்டுக் காத்திருப்பு மிக மெதுவாகத்தான் நகரும், அங்கே ஐந்துகூட ஆபத்துதான்.

---

காஜாங் கணக்கு

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சி விஷயத்தில் விடமாட்டேன். கேஎல்லிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ஜங்ஷன் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம் சென்னையிலிருந்து ஒரு முழு இரவு, திருச்சியிலிருந்து பாதி இரவுகூட இல்லை. முதியவர்களுக்கு எது நல்லது?

---

செந்தூல் தண்டவாளம்

தூரக் கணக்கு சரி. ரயில் கணக்கில் இரண்டு இடம் உதைக்கும்.

சேதுவும் போட் மெயிலும் திருச்சிக்கு வரும் நேரம் மோசமானது. முதியவர்களை நள்ளிரவை ஒட்டி நடைமேடையில் நிறுத்தி, விளக்கு அணைந்த பெட்டியில் ஏற்றி, படுத்துக் கண்ணயரும்போது எழுப்பி இறக்க வேண்டும். போட் மெயில் திருச்சியைத் தொடுவது நள்ளிரவுக்குப் பிறகு. இங்கேதான் தேதித் தவறு நடக்கிறது. சென்னையில் 19-ஆம் தேதி கிளம்பும் ரயில் திருச்சிக்கு 20-ஆம் தேதி வருகிறது. திருச்சியிலிருந்து பதிவு செய்பவர் 20 என்று போட வேண்டும். "19 இரவு ரயில்" என்று மனதில் வைத்துக்கொண்டு 19 போட்டால், அவர் நிலையத்துக்கு வரும்போது ரயில் முந்தின நாளே போயிருக்கும், பணமும் திரும்பாது.

மேலும் திருச்சிக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு. தேடும்போது நிலையக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள்: எழும்பூர் எம்எஸ் (MS), தாம்பரம் டிபிஎம் (TBM), திருச்சி ஜங்ஷன் டிபிஜே (TPJ), ராமேஸ்வரம் ஆர்எம்எம் (RMM). திருச்சியில் நிலையங்கள் பல, பெயரை வைத்துத் தேடினால் கோட்டை, டவுன் என்று வேறு எங்காவது போய் நிற்கும்.

திருச்சிக்காரர்களுக்கு நல்ல வழி பகல் ரயில். 16849 காலையில் திருச்சியில் கிளம்பி புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக நண்பகலை ஒட்டி ராமேஸ்வரம் சேரும். உட்காரும் பெட்டிகள்தான், பெரும்பகுதி முன்பதிவில்லாதவை. கிளம்பும் நிலையம் என்பதால் முக்கால் மணி நேரம் முன்னால் போனால் இடம் கிடைக்கும். ஏசி எதிர்பார்க்காதீர்கள். ஐந்து மணி நேரம் நேராக உட்கார முடிகிற முதியவர் என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. முதல் நாள் இரவு திருச்சியில் தங்கி, தூங்கி எழுந்து ஏறலாம். பாலத்தையும் பகல் வெளிச்சத்தில் கடக்கலாம்.

முழங்கால் வலியோடு ஐந்து மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார முடியாதவருக்கு, சென்னையிலிருந்து படுக்கையோடு வரும் இரவு ரயில்தான் நல்லது.

---

பினாங்கு கடலோரம்

பினாங்கில் இருப்பவர்களுக்கும் இந்த இழை உதவட்டும் என்று சேர்க்கிறேன். 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ பினாங்கு – சென்னை நேரடியாகப் பறக்கிறது. வடக்கே இருப்பவர்கள் கேஎல் வரை இறங்கி வரத் தேவையில்லை.

சென்னையில் இறங்கிய பிறகு எழும்பூர் போகாதீர்கள். தாம்பரத்தில் ஏறுங்கள். விமான நிலையம் நகரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. எழும்பூர் போவது என்றால் நகரத்துக்குள் நுழைந்து, அதே ரயிலில் மறுபடி விமான நிலையத்தைக் கடந்து வருவதாகும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் புறநகர் நிலையம். அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். பெட்டி குறைவு, கால் நன்றாக இருக்கிறது என்றால் அதுவே போதும். முதியவர், பெரிய பெட்டிகள் என்றால் வாடகைக் கார். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் மாலையில் ஜிஎஸ்டி சாலை அடைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எழும்பூரில் ஏறியே ஆக வேண்டியவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. விமான நிலையத்தில் ஏறி ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறினால் எழும்பூர்.

எச்சரிக்கை: டிக்கெட்டை எழும்பூரிலிருந்து எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் ஏறுவதானால், ஏறும் நிலையத்தை முறையாக மாற்ற வேண்டும். கணக்கில் அதற்கென்று தெரிவு இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால் எழும்பூரில் நீங்கள் வரவில்லை என்று பரிசோதகர் குறித்து, ஆர்ஏசியில் இருப்பவருக்குப் படுக்கையைக் கொடுத்துவிட உரிமை உண்டு. மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறவும் உரிமை இல்லை.

---

பூச்சோங் வாசகி

மிக்க நன்றி. தாம்பரம் யோசனை பெரிய உதவி. கீழ்ப்படுக்கை எப்படி உறுதி செய்வது? ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒன்றாக இருப்போம் அல்லவா?

---

பிரிக்பீல்ட்ஸ் பயணி

அக்கா, ஒரே டிக்கெட்டில் போட்டால் கீழ்ப்படுக்கையை இழப்பீர்கள்.

60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். மூன்றாவது ஆளைச் சேர்த்ததும் அந்த ஒதுக்கீடு போய்விடும். ஆகவே முதியவர் இருவருக்கும் தனி டிக்கெட், மற்ற மூவருக்கும் தனி டிக்கெட். இரண்டையும் அடுத்தடுத்து அதே வகுப்பில் போடுங்கள். வேறு பெட்டியில் விழுந்தாலும் ஏசிப் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டே இருக்கும், உள்ளேயே நடந்து போகலாம். மூத்தோர் கட்டணச் சலுகை வேறு விஷயம், அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இருக்கை எண்ணைப் பார்த்ததும் படுக்கை எது என்று கண்டுபிடிக்கலாம். படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். மீதி இல்லை என்றால் பக்கவாட்டு மேல். இரண்டடுக்கு ஏசியில் ஆறால் வகுக்க வேண்டும்: 1, 3 கீழ், 2, 4 மேல், 5 பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லாதது பக்கவாட்டு மேல். 29 என்று வந்தால் மூன்றடுக்கில் நடுப்படுக்கை, இரண்டடுக்கில் பக்கவாட்டுக் கீழ்.

என் கருத்து: முழங்கால் வலிக்காரர் இருக்கும் குழுவுக்கு இரண்டடுக்கு ஏசி. நடுப்படுக்கை அங்கே இல்லை. மூன்றடுக்கில் நடுப்படுக்கையை விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை விரித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஏசி வகுப்புகளில் விரிப்பு, தலையணை, கம்பளி தருவார்கள். படுக்கை வசதிப் பெட்டியில் எதுவும் கிடையாது.

---

காஜாங் கணக்கு

பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் ஆட்கள் ஆளுக்கொரு 28 அங்குலப் பெட்டியோடு இறங்குவார்கள்.

ஏசி இரண்டடுக்கில் ஆளுக்கு 50 கிலோ, மூன்றடுக்கிலும் படுக்கை வசதியிலும் 40 கிலோ இலவசம். ஆகவே எடையில் பிரச்சினை வராது. பிரச்சினை உயரத்தில். ரயில்வே விதிப்படி பெட்டியின் அளவு 100 க்கு 60 க்கு 25 சென்டிமீட்டர். படுத்த நிலையில் 30 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கெட்டிப் பெட்டி கீழ்ப்படுக்கைக்கு அடியில் நுழையாது. நடைபாதையில் நின்றால் இரவெல்லாம் எல்லோர் காலிலும் இடிக்கும். துணிப் பைகள் நுழைந்துவிடும். பெரிய பெட்டிகளைச் சென்னையில் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிட்டு, இரண்டு நாளுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் போவதே சரி. நிலையப் பொருள் காப்பறையில் வைப்பதானால் பூட்டிய பெட்டியைத்தான் வாங்குவார்கள். பூட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கூடவே ஒரு சங்கிலியும்.

ராமநாதபுரம், பரமக்குடி போன்ற இடங்களில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். ராமேஸ்வரம் கடைசி நிலையம், அங்கே அவசரமில்லை.

---

தண்ணீர்மலை சேவகன்

டிசம்பர் என்பதால் கேட்கிறேன், காற்று அதிகமானால் பாலத்தில் ரயிலை நிறுத்துவார்கள் என்கிறார்களே, புதுப் பாலத்திலுமா?

---

செந்தூல் தண்டவாளம்

புதுப் பாலத்திலும்தான். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால், காற்றளவியோடு இணைந்த சிக்னல் சிவப்பாகிவிடும். எந்த ஓட்டுநரும் அதைத் தாண்ட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயில், புயல் அலையில் அப்படியே போனது. அந்தக் கடலின் குணம் தெரிந்து வைத்த விதி இது. தாமதம் ஆனால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பாலம் 1914-இல் திறந்தது. துருவால் பலவீனமாகி, 2022 டிசம்பர் 23 முதல் அதில் ரயில் ஓடவில்லை. அந்த இரண்டேகால் வருடம் ரயில்கள் மண்டபம், ராமநாதபுரத்தோடு திரும்பின. இணையத்தில் "ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை" என்று கிடக்கும் குறிப்புகள் அந்தக் காலத்தவை. புதியது 2.08 கிலோமீட்டர், 99 சாதாரணக் கண்கள் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதிகள்), நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு தூக்குக் கண். பழையதில் இரண்டு இறக்கையும் ஆட்கள் நெம்பித் திறக்க வேண்டும், இதில் அந்த ஒரு கண் மின்சக்தியில் 17 மீட்டர் செங்குத்தாக எழும்புகிறது. துருப்பிடிக்காத கம்பி, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள், கடல் உப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கொடுத்த வேகம் பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குக் கண்ணில் 50. பழையதில் ஊர்ந்துதான் போகும்.

காற்றால் நின்றால் ரயில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ காத்திருக்கும். காற்று தணிந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடுவார்கள். புயல் சின்னம் என்றால் அங்கேயே முடித்துவிடுவார்கள். அப்போது பக்கத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 20 கிலோமீட்டர், ராமநாதபுரத்திலிருந்து 55. பேருந்தும் காரும் கிடைக்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் சாலையிலும் விடமாட்டார்கள். அந்த நாளில் மதுரையிலேயே தங்குவதுதான் வழி.

நீங்கள் ஏறும் நிலையத்திலேயே ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணமும் கேட்கலாம். அதற்கு டிடிஆர் என்ற விண்ணப்பத்தை, ரயில் உண்மையில் கிளம்பும் முன்பே இணையத்தில் போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் ஏற்கமாட்டார்கள்.

---

தண்ணீர்மலை சேவகன்

நன்றி ஐயா. இறங்கிய பிறகு நடக்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள். ஆட்டோ வாசலிலேயே நிற்கும், ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை 5 மணியிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான். அதை விரும்புகிறவர்களுக்குச் சேது மட்டுமே பொருந்தும், அதுவும் நேரத்துக்கு வந்தால். 16103-இல் வருபவர்களும் போட் மெயிலில் வருபவர்களும் அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவாவது தங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். ரயிலில் தூங்காத முதியவரை அப்படியே இருட்டில் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

தீர்த்தமாடும் வரிசை: முதலில் அக்னி தீர்த்தமாகிய கடல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈர உடையோடு மூலவரை நெருங்க விடுவதில்லை. ஆளுக்கொரு உலர்ந்த உடையைத் துணிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரகாரத் தரை முழுக்க நீர், கருங்கல் வழுக்கும். முழங்கால் வலிக்காரரை இருபுறமும் பிடித்துக்கொள்ள இருவர் வேண்டும். முடியாதவர்கள் அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும், மனக்குறை வேண்டாம். கைப்பேசி உள்ளே அனுமதி இல்லை, ஆகவே பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் சபரிமலையை ஒட்டி ராமேஸ்வரமும் வருவார்கள். விடுதி அறையையும் ரயிலோடு சேர்த்தே பதியுங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்குப் போக நினைப்பவர்கள் அன்றைய நாளுக்கு வந்து சேரும் ரயிலைத் தேடாமல், இரண்டு நாள் முன்னால் சேருகிற மாதிரி பாருங்கள். அந்த நாட்களுக்குச் சிறப்பு ரயில்கள் அறிவிப்பார்கள், அவற்றின் எண் சுழியத்தில் தொடங்கும்.

---

பினாங்கு கடலோரம்

திரும்பும்போது பாலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சேது இரவில் கிளம்புகிறது, ஒன்றும் தெரியாது. தாம்பரம் ரயில் 16104 பிற்பகலில் கிளம்பும், நல்ல வெளிச்சம். ஆனால் தாம்பரத்துக்கு விடியலுக்கு வெகு முன்னால் போய்ச் சேரும், அதற்கேற்ப அறையோ காரோ ஏற்பாடு செய்ய வேண்டும். போட் மெயில் மாலையில் கிளம்புவது, டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும்.

இரவுச் சாப்பாட்டை ஏறும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீரும் அப்படியே.

---

பூச்சோங் வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படித் தீர்மானித்திருக்கிறோம்: டிசம்பர் 19 கேஎல் – சென்னை, பிற்பகல் 2 மணிக்கு இறங்கும் விமானம். அன்று மாலையே தாம்பரத்தில் சேது, இரண்டடுக்கு ஏசி, முதியவர்களுக்குத் தனி டிக்கெட். ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு. 22 பிற்பகல் 16104. 23 காலை சென்னையில் இறங்கி அன்று இரவே கேஎல் விமானம்.

---

செந்தூல் தண்டவாளம்

இரண்டு இடத்தில் மாற்றுங்கள் தங்கச்சி.

சேது தாம்பரத்தைத் தாண்டுவது மாலை 6 மணியை ஒட்டி. 2 மணிக்கு இறங்கினால் காகிதத்தில் நான்கு மணி நேரம். விமானம் ஒரு மணி தாமதம், குடிநுழைவு வரிசை ஒரு மணி, பெட்டி வருவதற்கு முக்கால் மணி, ஜிஎஸ்டி சாலையில் ஒரு மணி என்றால் மிச்சம் கால் மணி நேரம். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அதுவும் இல்லை. நண்பகலுக்கு முன் இறங்கும் விமானம் பாருங்கள். கிடைக்காவிட்டால் அன்று இரவு தாம்பரத்திலேயே தங்கி, 20 மாலை ஏறுங்கள். அப்படியானால் உங்கள் ரயில் பதிவு திறப்பது அக்டோபர் 21, நம் கணக்கில் போடுவது 22 காலை.

திரும்பும் பக்கம் டிசம்பர் கடல். 16104 ஓடவில்லை என்றால் மதுரை வரை காரில் வந்து அங்கிருந்து ரயிலோ விமானமோ பிடிக்க நேரம் வேண்டும். கேஎல் விமானத்தை 24 இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் ஒரு நாள் கூடுதலாகச் சேர்த்தால் அந்த இடைவெளி போய்விடும், அந்த நாளைச் சென்னையில் வையுங்கள்.

---

பூச்சோங் வாசகி

சரி அண்ணே. 20 மாலை சேது, ராமேஸ்வரத்தில் ஓர் இரவு, 22 பிற்பகல் 16104, 24 இரவு விமானம் என்று மாற்றிவிட்டேன். ஐஆர்சிடிசி கணக்கை இன்றே திறக்கிறேன். வெளிநாட்டவர் ஒதுக்கீடு சேதுவில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.